குமரவேலின் முடிப் பொட்டலங்கள்

பிப்ரவரி முடியப்போகிறது. கொல்கத்தாவில் வீட்டுக்கு வீடு ஃபேனைப் போடலாமா வேண்டாமா என்று வாக்குவாதம் நடக்கிற சமயம். அந்த நேரத்தில் ஒருவன் காதை மூடுகிற கம்பளிக் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தால் என்ன அர்த்தம்? ஒன்று அவனுக்கு உடம்புக்கு ஏதோ வந்திருக்கிறது, இல்லாவிட்டால் அவன் எதையோ மறைக்கிறான். பெத்துராஜ் ஸ்டோர்ஸ் குமரவேல் மறைத்துக்கொண்டுதான் இருந்தான். வேறொன்றையும் இல்லை, தன் தலையைத்தான்.

காளிகாட்டிலிருந்து கரியாஹாட் போகிற பெரிய ரோட்டில், ஒரு சந்து திரும்பும் முனையில் கடை. இட்லி அரிசி, அப்பளம், காபித்தூள், முறுக்கு, வாழையிலை, செக்குத் தேங்காய் எண்ணெய் என்று எல்லாம் நம் பக்கத்துச் சாமான்கள். குமரவேலின் அப்பா பெத்துராஜ் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் ரயிலேறி வந்தவர். உறவுக்காரர் கடையில் பத்து வருஷம் பொட்டலம் மடித்துவிட்டு, பிறகு சொந்தமாகப் போட்ட கடை இது. குமரவேல் இங்கேயே பிறந்தவன். வங்காளம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் வீட்டுக்குள்ளே மட்டும். பி.காம். முடித்து ஓர் ஆபீசில் ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்தான். அங்கே ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டுக் கடைக்கே திரும்பிவிட்டான். உண்மை என்னவென்றால் அவனுக்குக் கடை பிடிக்கும். வருகிறவர் போகிறவரோடு வாயடிக்காமல் அவனால் ஒரு நாள் இருக்க முடியாது.

இருபத்தேழு வயதில் அவனுக்கு இருந்த ஒரே கர்வம் முடி. சின்னச் சின்னச் சுருளாக, சீப்பு உள்ளே போனால் திரும்பி வர யோசிக்கிற முடி. தெருப் பையன்கள் வைத்த பெயரே 'கோக்ரா'. வங்காளத்தில் சுருட்டை என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் கேட்டு வருகிற அண்டை வீட்டு அண்ணிமார், அதாவது பௌதிகள், பாட்டிலைப் பார்க்க மாட்டார்கள், அவன் தலையைப் பார்ப்பார்கள். இதைத்தானே நீ தேய்க்கிறாய் என்று கேட்பார்கள். அவன் தலைக்கு எண்ணெய் வைத்தது பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டிவைப்பான். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

போன ஆவணியில் அவனுக்குப் பெண் பேசி முடித்தார்கள். பெண் பெயர் சங்கவி. ஜாதவ்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டீச்சர். அப்பா பேங்க் ஆபீசர், அவர்களும் அதே விருதுநகர்ப் பக்கந்தான். மாசியில் உறுதி, வைகாசியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் இரண்டு பேரையும் பால்கனியில் தனியாக விட்டார்கள். சங்கவி அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையே, போட்டோவில் பார்த்தபோது விக் வைத்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்பதுதான். அவள் சும்மா ஒரு பேச்சை ஆரம்பிக்கச் சொன்னாள். இந்த மடையன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இந்தப் பெண் நம்மைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே முடிக்காகத்தான் என்று மனசுக்குள்ளே முத்திரை குத்தி வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு நன்றாகத்தான் போயிற்று. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேச்சு. பாதி தமிழ், பாதி வங்காளம். துர்கா பூஜை சமயத்தில் அவனுக்கு டெங்கு வந்து, ஊரெல்லாம் பந்தல் பார்க்கப் போக, அவன் பத்து நாள் கட்டிலோடு கிடந்தான். சங்கவி இளநீர் வாங்கிக்கொண்டு அவள் அப்பாவோடு வந்து பார்த்துவிட்டுப் போனாள். காய்ச்சல் விட்டது, ரத்தத்தில் குறைந்ததெல்லாம் ஏறியது, தீபாவளியை ஒட்டி வருகிற காளி பூஜைக்குள் அவன் கடைக்குத் திரும்பிவிட்டான். அந்தக் கதை அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு காலை. தலைக்குக் குளித்துவிட்டுத் துவட்டினான். துண்டு முழுக்க முடி. குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டு, தண்ணீர் கணுக்கால்வரை நின்றது. குனிந்து எடுத்தால் கை நிறைய வந்தது. விரலை விட்டுக் கோதிப் பார்த்தான், பத்துப் பதினைந்து வந்தது. பயத்தில் மறுபடியும் கோதினான், மறுபடியும் வந்தது. இப்படியே கோதிக்கொண்டிருந்தால் தலையில் ஒன்றும் மிஞ்சாது என்று பயந்து கையை இழுத்துக்கொண்டான்.

அன்றைக்குப் பிடித்தது சனி. போனை எடுத்து வைத்துக்கொண்டு, வாலிபர்களுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று தேட ஆரம்பித்தான். அங்கே எழுதியிருந்த அத்தனை காரணமும் தனக்கே எழுதினது போல இருந்தது. உப்புத் தண்ணீர் என்று போட்டிருந்தது, எங்கள் தெருத் தண்ணீர்தான் என்றான். ஹெல்மெட் என்று போட்டிருந்தது, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஆட்டோவில் போக ஆரம்பித்தான். ஜிம்முக்குப் போய்ப் பவுடர் குடிக்கிறவர்களுக்கு என்று இருந்தது, அவன் அதையும் மூன்று மாதம் குடித்திருந்தான். கவலைப்பட்டால் கொட்டும் என்று இருந்தது. அதைப் படித்ததும் கவலை இரண்டு மடங்காயிற்று. காய்ச்சல் என்றுகூட ஒரு வரி இருந்தது. அந்த ஒன்றை மட்டும் தாண்டிப் போய்விட்டான். காய்ச்சல் வந்தது பூஜைக்கு, முடி கொட்டுவது பொங்கலுக்கு, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிட்டான். எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் பரம்பரை என்று போட்டிருந்தது. பெத்துராஜுக்கு அறுபது வயதிலும் தலை நிறைய முடி. ஆனால் அம்மாவின் அண்ணன், தாய்மாமன், முப்பது வயதில் வழுக்கை. மாமாவின் கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தான். தலையில் பளபளவென்று விழுந்திருந்தது வெளிச்சம். சரி, நம் கதை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டான்.

வைத்தியத்துக்கு ஒன்றும் குறைவில்லை. சின்ன வெங்காயத்தைச் சாறு பிழிந்து தேய்த்துக்கொண்டு கடைக்கு வந்தான். அன்றைக்கு வந்தவர்களெல்லாம் இங்கே சாம்பார் விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். குடிக்க வாங்குகிற இருபது லிட்டர் கேன் தண்ணீரில் தலைக்குக் குளித்தான். அதைப் பார்த்து அம்மா அன்னக்கிளி கொதித்துப்போனாள். முடி வெட்டுகிற கடைக்காரர் வயிற்றில் கேஸ் இருந்தால் கொட்டும் என்றார். இந்த ஊரில் எது வந்தாலும் கேஸ்தான், கால் சுளுக்கினாலும் கேஸ்தான். அதற்கும் ஒரு வாரம் ஓமத் தண்ணீர் குடித்தான். பிறகு குரங்குக் குல்லா வாங்கினான். கொல்கத்தாக்காரர்கள் லேசாகப் பனி விழுந்தாலே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்வார்கள் என்று அத்தனை வருஷம் கேலி பண்ணினவன் அவன். இப்போது அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் வாடிக்கையாளர்களுக்கு ஒரே சந்தோஷம். இப்போதுதான் உனக்குப் புத்தி வந்திருக்கிறது, பனி பட்டால் விடாது என்று பெரியம்மா வயதில் ஒரு மாசிமா கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

இதெல்லாம் யாரும் செய்யக்கூடியதுதான். குமரவேல் செய்த ஒரு காரியத்தைப் பொட்டலம் மடித்துப் பழகிய ஒரு கடைக்காரன் பிள்ளை மட்டுமே செய்வான். கொட்டின முடியைத் தூரப்போட அவனுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு நாளும் தலையணையிலும் துண்டிலும் குளியலறையிலும் விழுந்ததை எல்லாம் பொறுக்கி, பழைய செய்தித்தாளில் வைத்து, பத்து கிராம் ஏலக்காய்க்கு மடிக்கிற மாதிரியே நாலு மூலையையும் உள்ளே செருகிப் பொட்டலம் கட்டி, மேலே தேதி எழுதினான். எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதியம் கடையைச் சாத்தின பிறகு, எல்லாப் பொட்டலத்தையும் ஒன்றாகத் தராசில் வைத்து நிறுத்தான். முதல் வாரம் ஒன்பது கிராம். அடுத்த வாரம் பதினெட்டு. அதற்கடுத்த வாரம் இருபத்தெட்டு. வாரா வாரம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏறத்தானே செய்யும்! பழைய பொட்டலமும் அதே தட்டில்தான் இருக்கிறது, அது எங்கே இறங்கும்? ஆனால் பயந்தவனுக்குக் கணக்கு வராது. தராசில் எண் ஏற ஏறத் தன் வியாதி முற்றிக்கொண்டே போகிறது என்று அவன் நம்பினான்.

சங்கவியிடம் போன் கேமரா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி வீடியோவை நிறுத்தினான். பிறகு பேச்சையும் குறைத்தான். அவள் ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் எழுதினான். உறுதிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இந்த வருஷம் கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அன்னக்கிளி அழுதாள், கத்தினாள், யாராவது வங்காளிப் பெண்ணைப் பார்த்துவிட்டாயா என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளே பெண் வீட்டுக்குப் போன் பண்ணி, ஜோசியர் பையனுக்கு இப்போது நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டார், கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று ஒரு பொய்யைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் சங்கவியின் அம்மா சரிங்க என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதோடு எல்லாம் முடிந்துபோகும் என்று குமரவேலுக்கும் தெரியும். முடி போய், அதன் பின்னாலேயே சங்கவியும் போகப்போகிறாள். அவளை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம். வழுக்கைத் தலையோடு அவள் முன்னால் நிற்பதற்குப் பதிலாக அவளே வேண்டாம் என்று இருந்துவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு.

அப்படி இருக்கும்போதுதான் டாக்டர் மதுவந்தி காபித்தூள் வாங்க வந்தார். கரியாஹாட்டில் சேம்பர் வைத்திருக்கிற தோல் டாக்டர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சிக்கரி கலக்காத தூள் கால் கிலோ வாங்குவார். அன்றைக்கு அவர் நெற்றியிலிருந்து வேர்வை வழிந்துகொண்டிருந்தது. எதிரே இவன் காதுவரை கம்பளி. அவர் தூளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, எவ்வளவு நாளாகக் கொட்டுகிறது என்று கேட்டார். குமரவேல் குல்லாவை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். எப்படித் தெரியும் என்று கேட்டான். இந்த மாதத்தில் குல்லாவோடு வருகிற உன் வயசுப் பையன்கள் எல்லோரும் என்னிடம் இதற்குத்தான் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, நாளைக்குப் பதினோரு மணிக்கு சேம்பருக்கு வரச் சொல்லிப் போய்விட்டார்.

போகக் கூடாது என்றுதான் முதலில் இருந்தான். இத்தனை நாளும் டாக்டரிடம் போகாததற்குக் காரணமே, வாயால் சொல்லிவிட்டால் அது முடிவாகிவிடுமே என்ற பயந்தான். ஆனால் அவர் கடை வாடிக்கை. போகாவிட்டால் அடுத்த முறை மூஞ்சியில் விழிக்க முடியாது. மறுநாள் போனான், ஐம்பத்திரண்டு பொட்டலத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு.

டாக்டர் குல்லாவைக் கழற்றச் சொன்னார். வெளிச்சம் வருகிற ஒரு சின்ன லென்ஸை நெற்றி ஓரத்தில் வைத்துப் பார்த்தார், உச்சியில் வைத்துப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். குமரவேலுக்குத் தாய்மாமனின் கல்யாண போட்டோ கண்முன்னால் வந்து நின்றது. டாக்டர் லென்ஸை மேஜையில் வைத்துவிட்டு, பூஜை சமயத்தில் உனக்குக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். டெங்கு, பத்து நாள் என்றான், மாமாவின் வழுக்கையையும் சேர்த்துச் சொன்னான்.

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் குமரவேலுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. டாக்டர் நிதானமாக எடுத்துச் சொன்னார். தலையில் இருக்கிற முடியெல்லாம் ஒரே நேரத்தில் வளர்ந்துகொண்டிருப்பதில்லை. கொஞ்சம் வளரும், கொஞ்சம் ஓய்வில் இருக்கும், ஓய்வில் இருப்பது நாளுக்கு ஐம்பது நூறு என்று விழும், அது எல்லோருக்கும் உண்டு. பெரிய காய்ச்சல் வந்தால், இல்லை ஒரேயடியாகப் பட்டினி கிடந்தால், வளருகிற முடியில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். போனது உடனே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்து, கீழேயிருந்து புது முடி தள்ளும்போதுதான் மொத்தமாக விழும். பரம்பரை வழுக்கை வேறு மாதிரி. அது நெற்றி ஓரத்திலும் உச்சியிலும் முடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிய வைக்கும். உனக்கு நெற்றிக் கோடு அப்படியே இருக்கிறது, லென்ஸில் பார்த்தால் தலை முழுக்கப் பூனைமுடி மாதிரிப் புதுசு முளைத்துக்கொண்டிருக்கிறது என்றார். நாற்பது ஐம்பது வயதில் உன் மாமா மாதிரி ஆகமாட்டாய் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் இது அது இல்லை என்றும் சொன்னார்.

நம்ப ஆசைதான். ஆனால் குமரவேல் கடைக்காரன் பிள்ளை ஆயிற்றே, சரக்கைப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான். குறையவே இல்லையே, தராசில் வாரா வாரம் ஏறிக்கொண்டுதானே போகிறது என்று சொல்லித் துணிப்பையை மேஜைமேல் கவிழ்த்தான். டாக்டர் ஏலக்காயா என்று கேட்டார். முடி என்றான். அவர் ஒரு பொட்டலத்தை எடுத்துத் தேதியைப் பார்த்தார், இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் எந்த நோயாளியும் எனக்கு இப்படித் தேதி போட்டு எடுத்து வந்ததில்லை என்றார். கேலியா பாராட்டா என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு மேஜையில் மூன்று வெள்ளைத் தாளை வரிசையாகப் போட்டு, முதல் வாரத்துப் பொட்டலம் ஒன்று, ஜனவரிக் கடைசிப் பொட்டலம் ஒன்று, நேற்றைய பொட்டலம் ஒன்று, மூன்றையும் பிரித்து அவனையே எண்ணச் சொன்னார். அடுத்த நோயாளி வெளியே இருமிக்கொண்டிருக்க, குமரவேல் உட்கார்ந்து முடி எண்ணினான். முதலாவதில் இருநூற்று முப்பது. இரண்டாவதில் முன்னூறுக்கு மேல். நேற்றையதில் தொண்ணூற்றிரண்டு. அவன் நம்பாமல் முந்தாநாள் பொட்டலத்தைப் பிரித்தான், தொண்ணூற்றைந்து. பிப்ரவரி முழுக்க அது இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. குணமாகிக்கொண்டிருந்த ஒரு மாதம் முழுக்க அவன் செத்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம் தராசுல ஏன் ஏறிச்சு?" என்று கேட்டான், வங்காளத்தில் ஆரம்பித்து எப்படியோ தமிழில் முடித்துவிட்டான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. பிரித்த காகிதத்தை அவன் கையில் கொடுத்து, பழைய பொட்டலத்தையும் எடுக்காமல் இதையும் சேர்த்தா நிறுத்தாய் என்று கேட்டார். குமரவேல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் முடி கால் கிராம்கூடத் தேறாது. அத்தனை வாரமும் அவன் பழைய செய்தித்தாளை நிறுத்து நிறுத்துப் பயந்திருக்கிறான். காகித எடையைக் கழிக்காமல் நிறுக்கிறவன் கடைக்காரனா என்று அப்பா ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்த பிள்ளை! அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, டாக்டர் கண்டும் காணாத மாதிரி ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். தைராய்டும் இரும்புச் சத்தும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம், மற்றபடி மருந்து ஒன்றும் வேண்டாம், வெங்காயத்தைச் சாம்பாரில் போடு, ஆறு மாதத்தில் பழையபடி வரும் என்று அனுப்பிவிட்டார். இரண்டு நாளில் பரிசோதனை முடிவும் வந்தது. இரும்புச் சத்து மட்டும் கொஞ்சம் கம்மி, அதற்கு ஒரு மாத்திரை.

சேம்பரை விட்டு இறங்கினதும் குல்லாவைப் பைக்குள்ளே திணித்தான். தலையில் காற்றுப் பட்டது. அம்மாடி, எத்தனை நாளாயிற்று! கரியாஹாட் முனையில் நின்று, பானிபூரி விற்கிற ஒரு புச்காக்காரனிடம் பத்துப் புச்கா வாங்கிப் புளித்தண்ணீர் சட்டையில் வழிய வழியத் தின்றான். அவனைப் பார்த்து யாரும் நின்றுவிடவில்லை. சுடிதார்த் துணி பேரம் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். உச்சியில் தோல் லேசாகத் தெரிகிற ஒரு பையனை ஏறிட்டுப் பார்க்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் நேரம் இல்லை. அது அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வீட்டில் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அன்னக்கிளி முதலில் அழுதாள், அப்புறம் துடைப்பத்தைத் தேடினாள். பிள்ளைக்குச் சொல்லக்கூடாத சீக்கு ஏதோ வந்துவிட்டது என்று மூன்று வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பெத்துராஜ் முழுவதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டெங்கு, வழுக்கை, கல்யாணம் எதுவும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"காகிதத்தக் கழிக்காமலா நிறுத்த?"

அன்னக்கிளி மூக்கைச் சிந்திவிட்டு, சங்கவி வீட்டுப் பேச்சை எடுத்தாள்.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன். இன்னொண்ணு சொல்ல எனக்குத் தெம்பில்ல. நீயே போயி அந்தப் பிள்ளைகிட்ட உள்ளதச் சொல்லு."

அதுவரை பறந்துகொண்டிருந்த குமரவேலுக்கு அப்போதுதான் கால் தரையில் பட்டது. முடி திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சங்கவி திரும்பி வருவாளா என்று எந்த டாக்டரிடம் கேட்பது? நாலு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். ஐந்தாம் நாள், உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி அனுப்பினான். பள்ளி விட்டதும் நாலு மணிக்கு ஜாதவ்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்கு வருகிறேன் என்று அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. பதிலில் வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

பரீட்சைத் தாள் கட்டோடு வந்தாள். இளைத்திருந்தாள். அவன் தலையை ஒரு தடவை பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மண் குவளையில் டீ வாங்கிக்கொண்டார்கள். குமரவேல் வரும் வழியெல்லாம் கட்டி வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கு முடி கொட்டிற்று, அதனால்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. துண்டில் வந்த முடியிலிருந்து தாய்மாமன் போட்டோ, வெங்காயம், குல்லா, ஜோசியர் பொய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பொட்டலத்தைச் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். காகிதத்தோடு நிறுத்ததைச் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் எட்டாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு இதைக் கணக்காகக் கொடுக்கலாம் என்றாள். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்று, கண் நிறைந்துவிட்டது.

"நீங்க முடி கொட்டினதுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருந்தீங்க. நான் நீங்க பேசாம இருந்ததுக்குக் காரணம் தேடிக்கிட்டு இருந்தேன். ஆகஸ்ட்லருந்து உங்களுக்கு அனுப்பின மெசேஜ் அத்தனையும் திருப்பித் திருப்பிப் படிச்சேன், எந்த வார்த்தை உங்களுக்குக் குத்துச்சோன்னு."

தன் தலையிலிருந்து விழுந்த ஒவ்வொரு முடியையும் பொறுக்கி எடுத்தவனுக்கு, அந்தப் பக்கத்தில் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. சங்கவி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்குறேன். இனிமே முளைக்காதுன்னு டாக்டர் சொல்லியிருந்தா இன்னைக்கு வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் நன்றாக இருக்கும், அவள் மனசும் குளிரும். ஆனால் இரண்டு மாதமாகப் பொய்யிலேயே குடித்தனம் நடத்தி அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. டீயைக் கீழே வைத்தான்.

"வந்திருக்க மாட்டேன்," என்றான்.

அவள் டீயை மெதுவாகக் குடித்து முடித்தாள். இதோடு தீர்ந்தது, எழுந்து போகப்போகிறாள் என்று அவன் பரீட்சைத் தாள் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்திருப்பேன்னு சொல்லியிருந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருப்பேன்," என்றாள் சங்கவி. "கோவம் இன்னும் போகல. அது போக நாளாகும். ஆனா இனிமே உங்களுக்கு எது வந்தாலும் போனைப் பாத்துக்கிட்டு உக்காராதீங்க, என்கிட்டச் சொல்லுங்க. உறுதிய பங்குனியிலயே வைக்கச் சொல்லுங்க."

அவனுக்குத் தான் கேட்டது சரிதானா என்று சந்தேகமாக இருந்தது. பங்குனிக்குள் முடி வளராதே, போட்டோவெல்லாம் எடுப்பார்களே என்று உளறினான்.

"எடுக்கட்டும். பக்கத்துல நிக்கப்போறது நான்தான, எனக்கு ஒண்ணுமில்ல."

குமரவேல் அங்கேயே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். என்னப்பா சொன்னாள், என்னப்பா சொன்னாள் என்று அன்னக்கிளி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் பதிலுக்குச் சங்கவியைப் பார்த்துச் சிரித்தான். சங்கவி அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, நான்தான் பேசுறேன்," என்றாள். "பங்குனியில நல்ல நாளாப் பாருங்க."